‘புரியவில்லை’ என்றவர் யார்? பராஜனோவின் ‘மாதுளையின் நிறம்’ படமும் அதன் பார்வையாளர்களும்



இன்றைய சொற்பொழிவின் பொருள் ஒரே ஒரு திரைப்படம். செர்கெய் பராஜனோவ் இயக்கி, ஆர்மீனியத் தலைநகராகிய யெரெவானில் 1969ஆம் ஆண்டு முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘மாதுளையின் நிறம்’ என்னும் அந்தப் படம் ஏறத்தாழ 78 நிமிடம் ஓடுவது. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் உரையாடல் என்று சொல்லத்தக்க எதுவும் அதில் அநேகமாக இல்லை. இது நடந்தது, அதனால் அது நடந்தது என்று தொடுத்துச் சொல்லத்தக்க கதையும் எளிதில் கைக்கு வருவதில்லை. அது பிறந்த நாள் முதல் ‘புரியவில்லை’ என்னும் சொல் அதனோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சொல்லைச் சொன்னவர் யார்? யார் பொருட்டுச் சொன்னார்? உண்மையில் அந்தப் படத்தின் முன் அமர்கிற பார்வையாளர்க்கு என்ன நேர்கிறது? இம்மூன்று கேள்விகளையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் படம் யாரைப் பற்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் காகசஸ் மலைநாட்டில் வாழ்ந்த சயாத் நோவா ஓர் ‘அஷுக்’. அதாவது, தானே பாடல் கட்டித் தானே இசைக்கருவி மீட்டிப் பாடும் பாணர் மரபைச் சேர்ந்தவர். ஆர்மீனியம், ஜார்ஜியம், அஸர்பைஜானியம் ஆகிய மும்மொழிகளிலும் பாடியவர். ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லேயின் அவையில் பாவலராக இருந்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பின்பு துறவாடை பூண்டு, ஹாக்பாத் மடத்தில் வாழ்ந்தவர். பாரசீக மன்னர் ஆகா முகமது கானின் படை 1795இல் திபிலிசியைச் சூறையாடிய காலத்தில் உயிர் துறந்தவர். இவ்வளவு நிகழ்ச்சிகள் நிறைந்த ஒரு வாழ்க்கை எந்த இயக்குநர்க்கும் விருந்தாகவே அமையும். அரண்மனை உண்டு, காதல் உண்டு, துறவு உண்டு, போர் உண்டு. பராஜனோவ் இவற்றில் ஒன்றையும் நிகழ்ச்சியாகக் காட்டவில்லை. கவிஞரின் பிள்ளைப்பருவம், இளமை, அரசவை, மடம், கனவு, முதுமை, இறப்பு என்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் அந்தக் கவிஞரின் உள்ளத்தில் எந்தப் பொருள்கள் பதிந்தன, எந்த நிறங்கள் பதிந்தன, எந்த ஒலிகள் பதிந்தன என்பதை மட்டுமே காட்டினார்.

திரையில் தெரிவதுதான் என்ன? வெள்ளைத் துணிமேல் மூன்று மாதுளைகள். அவற்றினின்று கசியும் செஞ்சாறு துணியில் மெல்லப் படர்கிறது. ஒரு குத்துவாள். எழுத்துப் பொறித்த கல்லின்மேல் வெறுங்காலொன்று திராட்சைக் குலையை மிதித்து நசுக்குகிறது. அப்பங்களுக்கிடையே உயிருள்ள மீன் துடிக்கிறது. முட்கள். இவ்வளவும் படத்தின் முதற் சில நிமிடங்களிலேயே வந்துவிடுகின்றன. யார் இவர், எங்கே இருக்கிறார், எதற்காக இது என்று வழக்கமாகத் தொடக்கக் காட்சி தரும் விளக்கம் எதுவும் வருவதில்லை.

அடுத்துப் பிள்ளைப்பருவம் வருகிறது. பெருமழையில் மடத்தின் நூல்களெல்லாம் நனைந்துபோகின்றன. நீர் ஊறிய பெரும்பெரும் ஏடுகளைத் துறவிகள் கல் வைத்து அழுத்த, அவற்றினின்று நீர் வழிகிறது. பின்பு கூரைமேல் நூற்றுக்கணக்கான நூல்கள் விரித்துக் காயவைக்கப்படுகின்றன. காற்று அவற்றின் பக்கங்களைப் புரட்டுகிறது. அவற்றின் நடுவே ஒரு சிறுவன்.  எழுத்தைக் காப்பாற்றுவதையே தம் இருப்பின் அடையாளமாகக் கொண்ட ஓர் இனத்தின் பிள்ளை எவ்வாறு கவிஞனாகிறான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வசனம் சொல்லிவிட முடியும்? யெரெவான் நகரின் மாதெனதாரான் என்னும் ஏட்டுச்சுவடி நூலகத்தில் சுமார் 17,000 கையெழுத்து ஏடுகள் காக்கப்படுகின்றன. படையெடுப்புகளுக்கும் இடப்பெயர்வுகளுக்கும் இடையே மக்கள் சுமந்துசென்று காத்தவை அவற்றுள் பல. கூரைமேல் விரிந்த நூல்களின் காட்சி இந்த வரலாற்றிலிருந்து எழுந்தது. அந்த வரலாற்றை அறியாதவரும், நனைந்த ஏட்டைக் கையிலெடுத்தவரின் பதைப்பை அறிவார்.

நூல்களுக்குப் பின் நெசவு. கொதிக்கும் கொப்பரைகளிலிருந்து சாயமேறிய கம்பளிநூற் கற்றைகளைத் தூக்குகிறார்கள். சிவப்பும் பிற நிறங்களும் தட்டுகளில் சொட்டுகின்றன. சொட்டும் ஒலி பெருகிப் பெருகி ஒரு தாளமாகிறது. பின்பு திபிலிசியின் கந்தகக் குளியலறைகள். கூரையிலிருந்து எட்டிப் பார்க்கும் சிறுவனின் கண்ணில் படும் மனித உடல். மார்பின்மேல் வெண்சங்கு வைத்த பெண்ணுருவம். எழுத்து, நிறம், ஒலி, உடல் ஆகிய நான்கும் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. கவிஞர் உருவாகிவிட்டார், கதை சொல்லப்படவே இல்லை.

இந்தப் படத்தின் ஒளிப்பதிவுக் கருவி அநேகமாக அசைவதே இல்லை. பராஜனோவ் இதற்கு முன் உக்ரைனில் எடுத்த ‘மறந்துபோன மூதாதையரின் நிழல்கள்’ படத்தில் அதே கருவி சுழன்றும் பாய்ந்தும் ஓடியது என்பதை நினைவிற் கொண்டால், இந்த அசைவின்மை எவ்வளவு துணிந்த முடிவு என்பது விளங்கும். உருவங்கள் பார்வையாளரை நேர்நோக்கி நிற்கின்றன. தொலைவு, அண்மை என்னும் ஆழம் பெரும்பாலும் இல்லை. பொருள்கள் ஓவியத் தாளில் அடுக்கியவைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. ஏடுகளின் பக்கங்களில் துறவிகள் தீட்டிய நுண்ணோவியங்களே, அதாவது எழுத்தோடு இணைந்து வரையப்பட்ட சிற்றோவியங்களே, இந்த அமைப்பிற்கு முன்மாதிரி. சோஃபிகோ சியவுரேலி என்னும் ஜார்ஜிய நடிகை இளங்கவிஞராகவும் வருகிறார். கவிஞரின் காதலியாகவும் வருகிறார். இன்னும் சில வேடங்களிலும் அவரே வருகிறார். காதலனும் காதலியும் ஒரே முகம்! கண்ணிமைக்காது நோக்கும் அந்த முகத்தைக் கண்டு குழம்புகிற பார்வையாளர், சற்றுப் பொறுத்தால், காதலிப்பவர் காதலிக்கப்படுபவரிடத்தில் தம்மையே காண்கிறார் என்னும் உண்மையை எவரும் எடுத்துரைக்காமலேயே கண்டுகொள்கிறார்.

ஒலியையும் சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் திக்ரான் மன்சூரியன் அப்போது முப்பது வயதை எட்டாத இளைஞர். தேவாலயப் பாடல், கமான்சா என்னும் வில்லிசைக்கருவி, மணியோசை, நீர்த்துளி என்று கிடைத்த ஒலிகளையெல்லாம் வெட்டி ஒட்டி ஓர் ஒலிப்பின்னலை அவர் உருவாக்கினார். திரையில் காணும் பொருளுக்குரிய ஒலி அப்பொருளோடு ஒட்டி வராது. முந்தியோ பிந்தியோ வரும், அல்லது வேறொன்றின் ஒலி வரும். எனவே சொற்கள் அருகியிருக்கும் இந்தப் படத்தை ஊமைப்படம் என்று கருதுவது பெரும்பிழை. கவிஞரின் பாடல்வரிகள் சில குரலாக ஒலிக்கின்றன. சில, காட்சிகளுக்கிடையே எழுத்தட்டைகளாகத் தோன்றுகின்றன. இல்லாதது உரையாடல் மட்டுமே.

உரையாடல் இல்லாமையா பார்வையாளரைத் தடுக்கிறது? அன்று என்பதற்குத் தமிழகமே சான்று. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1987இல் வந்த ‘பேசும் படம்’ ஒரு வசனமும் இல்லாதது. அதைக் குழந்தைகள் முதல் முதியோர்வரை சிரித்துக் களித்துப் பார்த்தார்கள். ஏன்? வேலையில்லாத ஓர் இளைஞன், அவனுக்குத் தற்செயலாகக் கிடைத்த வசதி, அதனால் விளைந்த சிக்கல் என்று காரணமும் விளைவும் சங்கிலியாகத் தொடர்ந்தன. சொல் இல்லையென்றாலும் கதை இருந்தது. பராஜனோவ் எடுத்துவிட்டது சொல்லை மட்டுமன்று, அந்தச் சங்கிலியையும்தான். ‘அடுத்து என்ன?’ என்னும் கேள்வியோடு அமர்ந்தவர்க்கு அவர் ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்னும் கேள்வியைக் கொடுத்தார். பார்வையாளரின் திணறல் அந்த மாற்றத்திலிருந்தே தொடங்குகிறது.

இத்தகைய படங்களை சர்ரியலிசப் படங்கள் என்று வகைப்படுத்துவது வழக்கம். 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையோடு பிரான்சில் தொடங்கிய அந்த இயக்கம், பகுத்தறிவின் கட்டுப்பாட்டை விலக்கிக் கனவின் போக்கில் கலையைப் படைக்க முனைந்தது. லூயி புனுவேலும் சால்வதோர் தாலியும் 1929இல் தம் முதற் படத்தை உருவாக்கியபோது, அறிவால் விளக்கம் சொல்லத்தக்க எந்தக் காட்சியையும் ஏற்பதில்லை என்பதையே விதியாக வைத்துக்கொண்டார்கள். ‘மாதுளையின் நிறம்’ அப்படிப்பட்டதா? மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அப்படித் தோன்றலாம். தேவாலயத்திற்குள் ஆட்டுமந்தை திரண்டு நிறைகிறது. இறக்கும் கவிஞரைச் சுற்றி மெழுகுவத்திகளுக்கிடையே தலையற்ற சேவல்கள் துடித்து விழுகின்றன. கனவு போன்ற காட்சிகள்தாம். எனினும் ஆர்மீனியக் கிறித்தவத்தில் ‘மாதாக்’ என்னும் சடங்கு உண்டு. உப்பை மந்திரித்து ஆட்டுக்கோ சேவலுக்கோ ஊட்டி, அதைப் பலியிட்டு, இறைச்சியை ஏழைகளோடு பகிர்ந்து உண்பார்கள். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டிப் பங்கிட்டு உண்ணும் வழக்கத்தை அறிந்த தமிழர்க்கு இது அயலானதன்று. பாரிஸில் பிறந்த கனவு விளக்கத்தை மறுத்தது. பராஜனோவின் கனவோ வழிபாட்டிலும் நெசவிலும் அப்பம் சுடும் அடுப்பிலும் வேரூன்றியது. புனுவேல் பார்வையாளரை அதிரவைக்க விரும்பினார். பராஜனோவ் பார்வையாளர்க்குப் படையல் வைத்தார். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது அப்படையலைக் காணாமற் செய்துவிடும்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். ‘புரியவில்லை’ என்றவர் யார்? திரையரங்கில் அமர்ந்த மக்களா? மக்களிடம் படம் போய்ச் சேரும் முன்னரே அந்தச் சொல் சொல்லப்பட்டுவிட்டது. சோவியத் நாட்டின் அரசுத் திரைப்படக் குழுவாகிய கோஸ்கினோவின் அதிகாரிகள் அதைச் சொன்னார்கள். 1934 முதல் அந்நாட்டின் கலைக்கொள்கையாக இருந்தது சோசலிச யதார்த்தவாதம்; கலை வாழ்க்கையை மக்கள் அனைவர்க்கும் விளங்கும் வடிவில் காட்டி அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சயாத் நோவாவின் வாழ்க்கையைப் பற்றி இந்தப் படம் பார்வையாளர்க்கு எதையும் கற்பிக்கவில்லை என்பதே அதிகாரிகளின் குறை. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு யாது? ‘சயாத் நோவா’ என்றிருந்த படத்தின் பெயரையே மாற்றினார்கள். பகுதித் தலைப்புகளில் இருந்த கவிஞரின் பெயரையும் நீக்கச் செய்தார்கள். கவிஞரைப் பற்றிய படம் விளங்கவில்லை என்றவர்கள், விளங்குவதற்கு இருந்த ஒரே கைவிளக்கையும் பறித்துக்கொண்டார்கள்! மக்கள் பெயரால் கேட்கப்பட்டது தெளிவு. மக்களுக்குத் தரப்பட்டது இருள்.

ஆர்மீனியாவிற்கு வெளியே திரையிட, செர்கெய் யுத்கெவிச் என்னும் மூத்த இயக்குநர் படத்தை மறுபடி தொகுத்தார். சில காட்சிகள் குறைந்தன. சில இடம் மாறின. அந்தப் பதிப்பு சில நிமிடம் சுருங்கியது. யுத்கெவிச் படத்தின் பகைவர் அல்லர். அவர் அவ்வாறு செய்திராவிடில் படம் அலமாரியிலேயே உறங்கியிருக்கக் கூடும். ஆனாலும், உண்பவர்க்குப் பல் இல்லை என்று தாமே முடிவுசெய்து சோற்றைக் குழைத்துக் கொடுத்தவர்போல, பார்வையாளர்க்கு இயலாது என்னும் எண்ணத்திலேயே அவரும் செயற்பட்டார். அதிகாரியின் கடுமையும் நண்பரின் இரக்கமும் இந்த ஒரு புள்ளியில் ஒன்றாகிவிடுகின்றன.

யெரெவான் நகரத்துப் பார்வையாளர் உண்மையில் யாராக இருந்தார்? படம் திரையிடப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1965 ஏப்ரல் 24 அன்று, அந்நகர மக்கள் பெருந்திரளாக வீதியில் இறங்கியிருந்தார்கள். உதுமானியப் பேரரசில் 1915இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலையின் ஐம்பதாம் ஆண்டு அது. அதுவரை வெளிப்படையாகப் பேசத் தடைப்பட்டிருந்த துயரத்தை அவர்கள் அன்று உரக்கச் சொன்னார்கள். அதன் விளைவாக எழுந்த நினைவுச்சின்னம் 1967இல் திறக்கப்பட்டது. இந்த மக்கள்தாம் 1969இல் வெள்ளைத் துணிமேல் படரும் செந்நிறக் கறையைக் கண்டார்கள். அந்தக் கறையின் வடிவில் பழைய ஆர்மீனிய நாட்டின் வரைபடத்தையே கண்டவர்கள் உண்டு. இவர்களுக்கா விளங்காது? ஒருவேளை, அவர்களுக்கு மிக நன்றாக விளங்கிவிடும் என்னும் அச்சமே ‘விளங்காது’ என்னும் சொல்லாக உருமாறியதோ என்று கேட்பதற்கு வரலாறு இடம் தருகிறது.

தமிழர்க்கு இதெல்லாம் எட்டாத் தொலைவில் நடந்தது என்று எண்ண வேண்டியதில்லை. உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய ‘அஸ்தரார்’ அச்சேறியது சென்னையில், 1794ஆம் ஆண்டில். அப்போது சயாத் நோவா உயிரோடு இருந்தார். சென்னையில் வாழ்ந்த ஷாஹமீர் ஷாஹமீரியன் என்னும் ஆர்மீனிய வணிகர், அக்கவிஞரைப் புரந்த மன்னர் எரெக்லேயோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில் நிற்கும் தேவாலயம் அந்தக் காலத்தது. இந்தப் படத்தின் உலகத்திலிருந்து ஒரு வாசல் சென்னைக் கடற்கரையை நோக்கியும் திறந்திருந்தது.

1980களில் மேலைநாட்டுத் திரையரங்குகளுக்குப் பரவிய பிறகு, இந்தப் படத்திற்கு இருவகைப் பார்வையாளர் தோன்றினார்கள். ஒரு சாரார் சாவி தேடுபவர்கள். மாதுளை எதன் குறியீடு, மீன் எதன் குறியீடு, சங்கு எதன் குறியீடு என்று அகராதி வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள். மற்றொரு சாரார் அழகில் மயங்குபவர்கள். எதையும் அறிய வேண்டாம், ஓவியக் கண்காட்சியைப்போலக் கண்டு களித்தால் போதும் என்பவர்கள். முதல் சாரார் ஒவ்வொரு காட்சியையும் ஒரு சொல்லாக மொழிபெயர்த்துவிட்டுக் காட்சியை மறக்கிறார்கள். இரண்டாம் சாரார் காட்சியை அது பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் குறையுடையவையே என்றாலும், இரண்டாம் சாராரே படத்திற்கு நெருங்கியவர்கள் என்பது இவ்வுரையின் துணிபு. ஏனென்றால், அவர்கள் பொருளைப் பொருளாகப் பார்க்கிறார்கள். மாதுளை முதலில் மாதுளை; அதன் சாறு முதலில் சாறு; அது துணியை நனைக்கும் விதம் கண்ணில் பதிந்த பிறகே அது குருதியாகலாம், நிலமாகலாம். அந்த வரிசை மாறினால் திரைப்படம் விடுகதையாகிவிடும்.

இந்த இரண்டாம் வழியில் வந்த புதிய பார்வையாளரைப் பற்றியும் ஒரு சொல். 2020ஆம் ஆண்டு அமெரிக்கப் பாடகி லேடி காகாவின் ‘911’ என்னும் பாடலுக்கு, பஞ்சாபில் பிறந்த தர்சேம் சிங் இயக்கிய காணொளி, பராஜனோவின் ஆடைகளையும் நேர்நோக்கிய நிலைகளையும் வெளிப்படையாகவே எடுத்தாண்டது. திரைப்படச் சங்கங்களின் வாசலை மிதித்திராத இளைஞர் பலர் அதன் வழியே மூலப் படத்தைத் தேடிச் சென்றனர். இதை இழிவென்று சிலர் கருதுவர். கோஸ்கினோ எவரால் இயலாது என்று தீர்ப்பளித்ததோ அந்தப் பொதுமக்களின் பேரப்பிள்ளைகளை ஒத்த தலைமுறை, ஒரு நடனப் பாடலின் வழியே வந்து படத்தின் முன் அமர்கிறது என்பது மகிழத்தக்க செய்தியே ஆகும்.

அமர்ந்தவர்க்கு என்ன நேர்கிறது? பெரும்பாலும் முதற் பத்து நிமிடம் பொறுமையிழப்பு. கண் கதையைத் தேடுகிறது, காது வசனத்தைத் தேடுகிறது, இரண்டும் கிடைக்காமல் உடல் இருக்கையில் நெளிகிறது. சிலர் அப்போதே எழுந்து போகிறார்கள். அவர்களைப் பழிக்க ஒன்றுமில்லை. எஞ்சியவர்களிடம் ஒரு மாற்றம் நிகழ்கிறது. காட்சிகள் மீண்டும் மீண்டும் வரும் அசைவுகளால் கட்டப்பட்டிருப்பதைக் கண் கண்டுகொள்கிறது. ஒரு கை உயர்ந்து தாழ்கிறது, மீண்டும் உயர்கிறது. முகத்தின்முன் பின்னல்துணி அசைகிறது, மீண்டும் அசைகிறது. பாடலில் அடி திரும்பி வருவதைப்போலவே இங்கே அசைவு திரும்பி வருகிறது என்பது பிடிபட்டுவிட்டால், பார்வையாளர் கதை கேட்பவராக இருந்த நிலையிலிருந்து பாட்டுக் கேட்பவராக மாறுகிறார். இறுதிப் பகுதியில், தேவாலயச் சுவரில் மண்கலங்களைப் பதிக்கும் கொத்தர் ஒருவர் மேலிருந்து கவிஞரைப் பாடச் சொல்கிறார். பின்பு இறக்கச் சொல்கிறார். முன்னறிவு எதுவும் இல்லாத பார்வையாளரும் அந்த இரு கட்டளைகளின்முன் அசைவற்றுப் போகிறார். அறுபது நிமிடங்களுக்கு மேல் உரையாடலின்றிப் பழகிய செவிக்கு அந்த இரண்டு சொற்களும் இடியாக இறங்குகின்றன. சொல்லைச் சிக்கனமாக வைத்தவர்க்கே சொல்லின் முழு எடையையும் பயன்படுத்தும் உரிமை கிடைக்கிறது.

இந்தப் படத்திற்குப் பின் பராஜனோவ் பெருந்துன்பத்திற்கு ஆளானார். 1973 டிசம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். ஒருபாலுறவு உள்ளிட்ட குற்றங்கள் சாட்டப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பல நாட்டுக் கலைஞர்கள் குரல் கொடுத்ததன்பின், பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோனின் முயற்சியும் சேர, நான்காண்டு கழித்து 1977 இறுதியில் விடுவிக்கப்பட்டார். ‘சயாத் நோவா’விற்கும் அவருடைய அடுத்த முழுநீளப் படத்திற்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வீணாயின. 1990இல் அவர் இறந்தபோது, இந்தப் படம் அவர் எண்ணிய வடிவத்திற்கு நெருங்கிய நிலையில் ஆர்மீனியாவிற்கு வெளியே பரவலாகக் காணப்பட்டிருக்கவில்லை. மார்ட்டின் ஸ்கோர்செசி நிறுவிய திரைப்பட அறக்கட்டளையும் இத்தாலியின் பொலோஞா திரைப்படக் காப்பகமும் சேர்ந்து ஆர்மீனியப் பதிப்பைப் புதுப்பித்து, 2014ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் வெளியிட்டன.

ஆகவே இந்தப் படத்தைத் திரையிட விரும்பும் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2014இல் புதுப்பிக்கப்பட்ட ஆர்மீனியப் பதிப்பையே கேட்டுப் பெறுக. யுத்கெவிச் பதிப்பு கையில் இருந்தால், அதைப் பிறிதொரு நாளில் ஒப்பிட்டுக் காட்டுக. கணினித் திரையோ கைப்பேசியோ போதாது. மன்சூரியனின் ஒலிப்பின்னல் நல்ல ஒலிபெருக்கிகள் உள்ள இருண்ட அரங்கில்தான் முழுமையாகக் கேட்கும். படத்திற்கு முன் விளக்கத்தாள் கொடுக்க வேண்டாம். குறியீட்டுப் பட்டியல் ஒட்டவும் வேண்டாம். முடிந்தபின் விளக்குகளை ஏற்றி, பார்த்தவர்களிடம் என்ன விளங்கியது என்று கேட்காமல், என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள் என்று கேளுங்கள். நனைந்த ஏடு என்பார் ஒருவர், சொட்டிய சாயம் என்பார் மற்றொருவர், மெழுகுவத்திகளுக்கிடையே விழுந்த சேவல் என்பார் இன்னொருவர். அந்தப் பேச்சு ஓய்வதற்குள் மாதாக் சடங்கைப் பற்றியும் மாதெனதாரான் நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அதே வாரத்தில் படத்தை மறுமுறையும் திரையிடுங்கள்.